874 மைல், ஒரு வாக்கு

(பொது அரங்கு ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பிரிட்டன் வரைபடத்தின் தென்மேற்கு மூலையில் லேண்ட்ஸ் எண்ட் என்றொரு கடல்முனை இருக்கிறது. கார்ன்வால் பகுதியைச் சேர்ந்தது. வடகிழக்கு மூலையில், ஸ்காட்லாந்தின் கெய்த்னஸில், ஜான் ஓ க்ரோட்ஸ் என்ற சிற்றூர். இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் அளந்தால் 603 மைல். பழைய சாலை வழியே போனால் 874 மைல். நம் கணக்கில் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இந்தத் தூரத்தைச் சைக்கிள் மிதித்தே கடக்கிறார்கள். அவர்களில் பலர் தங்களுக்காக மட்டும் போவதில்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு, மரணத் தறுவாயில் இருப்போரைப் பராமரிக்கும் இல்லத்துக்கு, உயிர்காப்புப் படகுக்கு, ஊரில் உள்ள சிறப்புப் பள்ளிக்கு என்று ஏதேனும் ஒன்றுக்குப் பணம் திரட்டித் தருவதாக ஊரறியச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பிய பயணத்தை முடிப்பது என்றால் என்ன என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் இடத்தைப் பார்ப்போம். இந்த இரண்டு ஊர்களும் பிரிட்டனின் தென்கோடியும் வடகோடியும் என்று பலர் நினைக்கிறார்கள். தென்கோடி லிசர்ட் முனை. வடகோடி, ஜான் ஓ க்ரோட்ஸுக்கு மேற்கே உள்ள டன்னட் ஹெட். ஆனால் மூலைக்கு மூலை நெடுக்கே அளக்கும்போது, மக்கள் குடியிருக்கும் இரண்டு இடங்களுக்கு இடையே இதைவிட நீண்ட தூரம் அந்தத் தீவில் கிடையாது. அதனால் நடப்பவர், ஓடுபவர், சக்கர நாற்காலியில் போகிறவர், சைக்கிள் மிதிப்பவர் எல்லோரும் இந்த வழியையே பிடித்துக்கொண்டார்கள். வடக்கு ஊர் தன் பெயரை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்து ஆர்க்னி தீவுகளுக்குப் படகு விட்ட ஒரு டச்சுக்காரரிடமிருந்து பெற்றது. இன்றும் அங்கே ஏறக்குறைய 300 பேர்தான் வாழ்கிறார்கள்.

சைக்கிளில் இந்த வழியைக் கடந்த முதல் பதிவு 1880ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கேனன்பரி சைக்கிள் கழகத்தைச் சேர்ந்த ஹார்மன், பிளாக்வெல் என்ற இருவர் 13 நாட்களில் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, ஜி. பி. மில்ஸ் என்ற 19 வயது இளைஞர், முன்சக்கரம் மட்டும் பூதாகரமாக உயர்ந்து நிற்கும் அந்தக் காலத்து வண்டியில், 5 நாள் 1 மணி 45 நிமிடத்தில் முடித்தார். டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888இல்தான். ஆகவே மில்ஸ் வந்தது கெட்டி ரப்பர் பூண்ட சக்கரத்தில், தார் காணாத சாலையில். அந்த வகை வண்டியில் அவர் வைத்த சாதனை 133 ஆண்டுகள் நின்றது. 2019இல்தான் ரிச்சர்ட் தோடே என்பவர் அதை முறியடித்தார்.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. இன்று வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சி எடுத்து, விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பும் சாதாரண மனிதருக்கு இந்த வழி 10 முதல் 14 நாள் எடுக்கிறது. 1880இல் அந்த இருவருக்கு ஆனதும் அவ்வளவே. இடையில் வண்டி இலகுவாகிவிட்டது, கியர் வந்துவிட்டது. கடல் கழிமுகங்களைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய இடங்களில் எல்லாம் பாலம் வந்துவிட்டது: செவர்ன் ஆற்றின் மேல் 1966இல், இன்வர்னஸை ஒட்டிய கெஸ்ஸக்கில் 1982இல், டார்னக்கில் 1991இல். இத்தனைக்குப் பிறகும் மனிதக் கால் ஒரு நாளைக்கு நூறு முதல் நூற்று நாற்பது கிலோமீட்டர் என்றே கணக்குச் சொல்கிறது.

வேகத்தின் கதையில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது. ஐலீன் ஷெரிடன். ஐந்து அடியைத் தொடாத உயரம், ஒரு குழந்தையின் தாய். 1954இல் அவர் லேண்ட்ஸ் எண்டிலிருந்து கிளம்பி 2 நாள் 11 மணி 7 நிமிடத்தில் ஜான் ஓ க்ரோட்ஸ் சேர்ந்தார். அங்கே சிறிது ஓய்வெடுத்துவிட்டு, ஆயிரம் மைலையும் முடித்துவிடலாம் என்று மறுபடி வண்டி ஏறினார். தூக்கமில்லாத கண்ணில் இல்லாத உருவங்கள் எல்லாம் தெரிந்ததாகப் பின்னாளில் சொன்னார். ஆயிரம் மைலில் அவர் வைத்த பெண்கள் சாதனையை 2002 வரை யாரும் தொடவில்லை. 2023இல், 99 வயதில் காலமானார். அவருக்குச் சம்பளம் கொடுத்து ஓட்டச் சொன்ன நிறுவனம் ஹெர்குலஸ். ஆம், நம் வீடுகளில் அப்பாக்களும் தாத்தாக்களும் ஓட்டிய அதே ஹெர்குலஸ்தான். பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குழுமமும் 1949இல் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அந்தப் பெயர் பொறித்த வண்டிகளைச் சென்னை அம்பத்தூரில் செய்து நாடெங்கும் அனுப்பியது. ஷெரிடன் ஸ்காட்லாந்து மலைகளில் மிதித்துக்கொண்டிருந்த காலத்தில், அதே பெயர் தாங்கிய வண்டியில் தமிழ்நாட்டுத் தபால்காரரும் பால்காரரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

2018இல் ஆண்கள் சாதனையைப் படைத்தவர் மைக்கேல் பிராட்வித்: 43 மணி 25 நிமிடம் 13 விநாடி. வழியில் அவருடைய கழுத்துத் தசைகள் செயலிழந்தன. தலை நிற்க மறுத்தது. ஒரு கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

இவர்கள் கடிகாரத்தோடு போட்டியிட்டவர்கள். இவர்களுடைய முடிவு எளிதில் விளங்கும்: கடைசி இடத்தைத் தொட்டதும் கடிகாரம் நிற்கிறது, எண் எழுதப்படுகிறது, அத்தோடு சரி. நன்கொடைக்காக மிதிப்பவருக்கு அப்படி எந்தக் கடிகாரமும் இல்லை. அவர் ஒன்பது நாளில் முடித்தாலும் பத்தொன்பது நாளில் முடித்தாலும் மருத்துவமனைக்குப் போகும் தொகை ஒன்றுதான். அப்படியானால் அவரை ஓட்டுவது எது?

நம் நாட்டவருக்கு நன்கு தெரிந்த ஒருவரிடமிருந்து இதைத் தொடங்கலாம். கிரிக்கெட் வீரர் இயன் போத்தம். 1977இல் காலில் எலும்பு முறிந்து டான்டன் நகரத்து மருத்துவமனைக்குப் போனவர், வழிதவறிக் குழந்தைகள் பகுதிக்குள் நுழைந்துவிட்டார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, இவர்களுக்கு என்ன என்று கேட்டார். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சிலர் இன்னும் சில வாரங்களே இருப்பார்கள் என்றார்கள். அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 1985இல், உலகப் புகழின் உச்சியில் இருந்தபோது, ஜான் ஓ க்ரோட்ஸிலிருந்து லேண்ட்ஸ் எண்ட் வரை நடந்தே வந்தார். ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டபடி வந்தார். வழிநெடுக மக்கள் வாளிகளில் காசு போட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ நடைகள். மொத்தம் ஒரு கோடி பவுண்டுக்கு மேல் திரண்டது. குழந்தைகளுக்கு வருவதில் மிகப் பரவலான ரத்தப் புற்றுநோய் வகையில், இன்று பிரிட்டனில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். ஆராய்ச்சிக் கூடத்தில் உழைத்தவர்களும், சிகிச்சைச் சோதனைகளுக்குத் தங்கள் பிள்ளைகளை ஒப்படைத்த பெற்றோரும் சேர்ந்து செய்த வேலை அது. வாளியில் விழுந்த காசுக்கும் அதில் பங்கு உண்டு.

போத்தம் நடந்தவர். ஆனால் நாட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை சொந்தக் காலால் போய்ப் பணம் கேட்கலாம் என்ற வழக்கம் பொதுமக்கள் மனதில் ஊன்றியதில் அவருக்குப் பெரும் பங்கு இருக்கிறது. சைக்கிள்காரர்கள் அந்தத் தடத்தில் பெருகினார்கள். 2010இல் நகைச்சுவை நடிகர் டேவிட் வாலியம்ஸும் தொலைக்காட்சி நட்சத்திரங்கள் சிலரும் இரவு பகலாக மாறிமாறி மிதித்து இதே வழியில் வந்தபோது பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது.

பிரிட்டனில் இந்த வழக்கம் இவ்வளவு வேர்விட்டதற்கு ஒரு காரணம், அங்கே மக்கள் தரும் நன்கொடையைப் பெரிதும் நம்பி ஓடும் அமைப்புகள் சில உயிர்நாடியான வேலைகளைச் செய்வது. இலவச அரசு மருத்துவம் உள்ள நாடு அது என்று நாம் அறிவோம். ஆயினும் இங்கிலாந்தின் பெரியவர்களுக்கான இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்களின் செலவில் அரசு தருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் பறப்பது பெரும்பாலும் நன்கொடையில். நாட்டிலேயே முதன்முதலாக அது தொடங்கியது 1987இல், இந்தப் பயணம் புறப்படும் அதே கார்ன்வாலில். கடலில் தத்தளிப்பவரைக் காக்கும் உயிர்காப்புப் படகு நிறுவனம் 1824 முதல் இயங்குகிறது. அதன் படகோட்டிகளில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள்.

அந்தப் படகோட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். லேண்ட்ஸ் எண்டுக்குப் பக்கத்தில் மவுஸ்ஹோல் என்ற மீனவர் ஊர். 1981 டிசம்பர் 19 இரவு, எஞ்சின் நின்றுபோய்ப் பாறையை நோக்கி அடித்துச் செல்லப்பட்ட யூனியன் ஸ்டார் என்ற கப்பலைக் காக்க, பெரும்புயலில் அந்த ஊரின் எட்டு ஆண்கள் சாலமன் பிரவுன் என்ற படகில் போனார்கள். கப்பலில் இருந்த எட்டுப் பேரும் படகில் போன எட்டுப் பேரும் திரும்பவில்லை. இப்போது மறு முனைக்கு வாருங்கள். ஜான் ஓ க்ரோட்ஸ் துறைமுகத்தில் நின்றால் கடலுக்கு அப்பால் ஆர்க்னி தீவுகள் தெரியும். அங்கே லாங்ஹோப் என்ற ஊர். 1969 மார்ச் 17 இரவு, இன்னொரு கப்பலின் அபாய அழைப்பைக் கேட்டுப் போன அந்த ஊரின் படகு கவிழ்ந்தது. அதிலும் எட்டுப் பேர். இரண்டு குடும்பங்களில் தந்தையும் இரண்டிரண்டு மகன்களும் ஒரே இரவில் போனார்கள். அவர்கள் காக்கப் போன கப்பலில் இருந்தவர்கள் கரையிலிருந்து கயிறு கட்டிக் காப்பாற்றப்பட்டார்கள்.

874 மைல் சாலையின் இரு நுனியிலும் இப்படி ஒவ்வோர் ஊர். முன்பின் தெரியாதவருக்காகச் சம்பளமில்லாமல் கடலில் இறங்கியவர்களின் ஊர்கள். மவுஸ்ஹோல் துயரத்துக்குப் பிறகு பொதுமக்கள் அந்தக் குடும்பங்களுக்கு அனுப்பிய தொகை முப்பது லட்சம் பவுண்டைத் தாண்டியது. அரசு அதற்கு வரி கேட்கப் போகிறது என்று செய்தி வந்ததும் நாடே கொதித்தது. இந்தச் சாலையில் சட்டையில் ஓர் அமைப்பின் பெயரைப் பொறித்துக்கொண்டு மிதிக்கிறவர், இந்தக் கொடை மரபின் ஊடாகத்தான் போகிறார். அதை அவர் அறிந்தே போனால் நல்லது.

இனி வாக்குக்கு வருவோம். முன்பெல்லாம் இதற்கு ஒரு தாள் இருந்தது. அதில் கட்டங்கள்: பெயர், முகவரி, ஒரு மைலுக்கு எத்தனை பென்ஸ். அக்கம்பக்கத்தார், அலுவலகத்தார், மாமா, அத்தை எல்லோரும் எழுதிக் கையெழுத்திடுவார்கள். பயணம் முடிந்து வந்த பிறகு, முடித்த மைல்களைப் பெருக்கி, வீடு வீடாகப் போய்ப் பணம் வசூலிக்க வேண்டும். பாதியில் நின்றால் பாதித் தொகைதான். முடிப்பது என்பது அன்று நேரடியாகப் பணக் கணக்கு. 2000களின் தொடக்கத்தில் இணையவழி நன்கொடை வந்தது. இப்போது பயணி வண்டி ஏறுவதற்கு முன்பே, பல வாரங்களுக்கு முன்பே, பணம் அமைப்பின் கணக்கில் விழுந்துவிடுகிறது. அவர் இரண்டாம் நாளில் முழங்கால் வலி தாங்காமல் ரயிலேறித் திரும்பினாலும் ஒருவரும் காசைத் திருப்பிக் கேட்கப் போவதில்லை.

இந்த மாற்றத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. முன்பு கொடையாளர் தூரத்துக்குக் காசு கொடுத்தார். இப்போது அவர் ஆளை நம்பிக் கொடுக்கிறார். பணத்துக்காக முடித்தாக வேண்டிய அவசியம் போய்விட்டது. மிஞ்சியிருப்பது சொன்ன சொல் மட்டும். பதினோராம் நாள் மழையில், எதிர்க்காற்றில், தனியே, அவரை மிதிக்க வைப்பது அதுதான்.

அந்த மழையும் காற்றும் எப்படிப்பட்டவை என்று தெரிந்தால்தான் சொல்லின் கனம் விளங்கும். அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அதனால்தான் அதிகம் பேர் தெற்கிலிருந்து வடக்கே போகிறார்கள். முதுகில் காற்றைப் பெறலாம் என்ற எண்ணம். காற்று அந்தக் கணக்கை எப்போதும் மதிப்பதில்லை. ஸ்காட்லாந்து மலைகள்தான் கடினம் என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களை முதல் இரண்டு நாளே புரட்டிப் போட்டுவிடும். கார்ன்வாலும் டெவனும் பார்ப்பதற்குப் பெரிய மலை எதுவும் இல்லாத நிலம். ஆனால் ஒவ்வொரு ஓடைக்கும் சாலை செங்குத்தாக இறங்கி, அடுத்த நிமிடமே செங்குத்தாக ஏறும். மூச்சு வாங்க ஒரு சமதளம் கிடைக்காது. ஸ்காட்லாந்தின் ஏற்றங்கள் நீளமானவை, ஆனால் நிதானமானவை. டிரமாக்டர் கணவாய் சுமார் 460 மீட்டர் உயரம் என்றாலும் கால் பழகிய பிறகு அதை ஒரே சீராக மிதித்துக் கடந்துவிடலாம்.

நடுவில் செவர்ன் பாலம். பழைய பாலத்தில் சைக்கிளுக்குத் தனிப் பாதை உண்டு. பிறகு வை ஆற்றங்கரை, ஷ்ராப்ஷயர், லங்காஷயரின் நகரங்கள். வடக்கே கம்பிரியாவில் ஷாப் மேடு. 1970இல் நெடுஞ்சாலை திறக்கும்வரை ஸ்காட்லாந்து லாரிகள் எல்லாம் அந்த மேட்டில்தான் முக்கி முனகி ஏறின; இன்று அந்தச் சாலை பெரும்பாலும் சைக்கிள்காரருக்கே. கார்லைலுக்கு அப்பால் எல்லை. அதற்குப் பிறகு கிளென்கோ வழியாகப் போகிறவர்களும் உண்டு, நேரே பெர்த் வழியாகப் போகிறவர்களும் உண்டு. இன்வர்னஸ் தாண்டியதும் ஊர்கள் மெலிகின்றன, மரங்கள் குறைகின்றன. ஹெல்ம்ஸ்டேலுக்கு வடக்கே பெரிடேல் என்ற பள்ளம்: கடல் மட்டம் வரை விழுந்து, உடனே மறுபுறம் எழும்பும் சாலை. பயணம் முடியப்போகிறது என்று மனம் தளர்ந்துவிட்ட வேளையில் வருவதால், நடுவில் வந்த பெரிய மலைகளைவிட இதுவே பலரை வண்டியிலிருந்து இறக்கித் தள்ளிக்கொண்டு போக வைக்கிறது.

உடம்பு தன் பங்குக்குப் பேசும். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரிக்குத்தான் வரும். மிதிப்பவருக்கு ஒரு நாளில் அதைப்போல் இரு மடங்கு, சில நாள் மூன்று மடங்கு தேவை. பசித்த பிறகு சாப்பிடலாம் என்றிருந்தால், கை நடுங்கி, கண் இருண்டு, காலில் வலுவே இல்லாமல் சாலையோரம் உட்கார வேண்டியதுதான். ஆகவே மணிக்கொரு தரம் எதையாவது தின்றுகொண்டே இருக்கிறார்கள். ஹேண்டில்பாரில் நாள் முழுக்க உள்ளங்கை அழுந்துவதால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகும். பயணம் முடிந்து சில வாரங்கள் சட்டைப் பொத்தான் போடுவதுகூடச் சிரமமாக இருப்பவர்கள் உண்டு. இருக்கை உரசிய இடத்தில் புண் வரும். இதையெல்லாம் வெளியில் சொல்லக் கூசி மறைத்துவைத்து, காய்ச்சல் வந்த பிறகு மருத்துவரிடம் போகிறவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. புதிதாகக் கிளம்புகிறவரிடம் வெட்கப்படாமல் முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி இது.

சரி, வந்து சேர்கிறார்கள். ஜான் ஓ க்ரோட்ஸில் என்ன இருக்கிறது? ஒரு சிறு துறைமுகம், ஒரு விடுதி, சில கடைகள், சுற்றுலாப் பேருந்துகள், ஒரு வழிகாட்டிக் கம்பம். கம்பத்தில் நியூயார்க் எவ்வளவு தூரம், லேண்ட்ஸ் எண்ட் எவ்வளவு தூரம் என்று எழுதியிருக்கும். படம் எடுக்க ஒரு சிறு வரிசை நிற்கும். பேருந்தில் வந்தவரும் 14 நாள் மிதித்து வந்தவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மைக் இல்லை, மாலை இல்லை. குடும்பத்தார் காரில் வந்திருந்தால் ஓர் அணைப்பு. இல்லாவிட்டால் ஒரு தேநீர். ஏமாற்றமாக இருந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அந்த ஏமாற்றம் இயல்பானதே. இரண்டு வாரமாகக் காலையில் எழுந்ததும் செய்ய வேண்டியது என்ன என்பது ஐயமின்றித் தெரிந்திருந்தது. அடுத்த நாள் காலை அது இல்லை. இன்னும் மூன்று கிலோமீட்டர் கிழக்கே போனால் டங்கன்ஸ்பி ஹெட் என்ற குன்றும், கடலில் கூர்கூராக நிற்கும் பாறைகளும் உண்டு. உண்மையான வடகிழக்கு நுனி அதுதான். காலில் தெம்பு மிச்சமிருப்பவர்கள் அங்கேயும் போய்விட்டு வருகிறார்கள்.

முடிக்காதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவின் டெரி ஃபாக்ஸ் சைக்கிளில் போனவர் அல்லர். புற்றுநோயால் ஒரு கால் போன பிறகு, செயற்கைக் காலோடு நாட்டை ஓடிக் கடக்கக் கிளம்பியவர். 1980இல் 143 நாள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்து, தண்டர் பே நகருக்கு அருகில் நின்றுவிட்டார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மறு ஆண்டு, 22 வயதில் இறந்தார். கனடாவில் தலைக்கு ஒரு டாலர் வீதம் திரட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர். இறப்பதற்கு முன்பே அந்தத் தொகை திரண்டுவிட்டது. அவர் பெயரால் இன்றும் பல நாடுகளில் மக்கள் ஓடுகிறார்கள். சென்னை ஐஐடி வளாகத்திலும் அந்த ஓட்டம் நடந்து வருகிறது. கொடுத்தவர்கள் யாரும் தூரத்தை எண்ணவில்லை. உடம்பு மறுத்ததால் ரயிலேறித் திரும்பும் சைக்கிள்காரர் தலை குனிய வேண்டியதே இல்லை. அவர் செய்ய வேண்டியது, கொடுத்தவர்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுவது.

தலை குனிய வேண்டிய இடம் வேறு. அது கணக்கில் இருக்கிறது. நன்கொடைப் பயணங்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், பயணி தன் சாப்பாடு, தங்குமிடம், ரயில் செலவு எல்லாவற்றையும் தன் சட்டைப்பையிலிருந்து கொடுக்கிறார். திரட்டிய ஒவ்வொரு காசும் அமைப்புக்குப் போகிறது. இன்னொன்றில், குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தந்தால் அமைப்பே பயணத்தை ஏற்பாடு செய்கிறது. திரட்டியதில் ஒரு பகுதி பயணிக்கே செலவாகிறது. இரண்டாவது வகையைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கொடுப்பவருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். பிரிட்டன் அரசே இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. நன்கொடைக்கு அரசு பவுண்டுக்கு 25 பென்ஸ் சேர்த்துத் தரும் கிஃப்ட் எய்ட் திட்டம் உண்டு. பயணியின் செலவை அமைப்பு ஏற்கும்போது, அவருடைய பெற்றோரும் துணைவரும் பிள்ளைகளும் கொடுக்கும் பணத்துக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. வீட்டுக்காரர்கள் பிள்ளையின் விடுமுறைக்குக் காசு கொடுத்ததாக ஆகிவிடுமே என்ற நியாயம்தான்.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் வெடித்தது. 1994 முதல் கலிஃபோர்னியாவில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காக நடந்த சைக்கிள் பயணங்களைத் தனியார் நிறுவனம் ஒன்று ஏற்பாடு செய்துவந்தது. செலவு அதிகம், நோயாளிகளைச் சென்று சேர்வது குறைவு என்ற குறை வலுத்தது. பயன்பெறும் அமைப்புகள் 2002இல் பிரிந்து, சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஏழு நாள், 545 மைல் பயணத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கின. 2025 வரை நடத்தின. இதற்கு நேர்மாறான பாதையில் போனது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் 1980இல் தொடங்கிய பயணம். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர் நண்பர்கள் 36 பேரோடு கிளம்பினார். அந்த ஆண்டு திரண்டது 10,200 டாலர். இன்று அந்தப் பயணத்தில் மிதிப்பவர்கள் திரட்டும் நன்கொடையில் நூற்றுக்கு நூறும் பாஸ்டனின் டேனா ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்குப் போகிறது. நடத்தும் செலவை வேறு வருவாயில் பார்த்துக்கொள்கிறார்கள். இதுவரை சேர்ந்தது நூறு கோடி டாலருக்கு மேல். கொடுத்த பணம் எங்கே போனது என்று சொல்ல முடிந்த இடத்தில் மக்கள் மறுபடியும் கொடுத்தார்கள்.

நமக்கு நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் போர் முடிந்து இரண்டே ஆண்டு. 2011இல் நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரு நண்பர்கள், ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர், தீவின் தென்கோடியான தெய்வேந்திர முனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை நடக்கத் தீர்மானித்தார்கள். 27 நாள், ஏறத்தாழ 670 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதே நோக்கம். வடக்கின் நோயாளிகள் பலர் அதுவரை சிகிச்சைக்குக் கொழும்பை அடுத்த மகரகமை வரை போக வேண்டியிருந்தது. தெற்கின் சிங்களக் கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகளும் பிக்குகளும் கடைக்காரர்களும் கூட நடந்தார்கள், கொடுத்தார்கள். இருபது லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் திரண்டது, மருத்துவமனை எழுந்தது. 2016இல் அவர்கள் வடக்கிலிருந்து தெற்கே, காலி நகரையொட்டிய கராப்பிட்டியவின் புற்றுநோய் மருத்துவமனைக்காக மறுபடி நடந்தார்கள். இம்முறை வடக்கு கொடுத்தது. கடைசி அடியில் முடிந்துவிடாத பயணத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை: நடந்தவர்களின் கால் வலி என்றோ தீர்ந்திருக்கும், தெல்லிப்பழையில் இன்று காலையும் நோயாளிகள் மருந்தேற்றிக்கொண்டிருப்பார்கள்.

இந்தியாவிலும் 2020 நவம்பரில், ஆதித்யா மேத்தா அறக்கட்டளையும் எல்லைப் பாதுகாப்புப் படையும் சேர்ந்து, மாற்றுத்திறனாளி சைக்கிள் வீரர்களைக் காஷ்மீரிலிருந்து அனுப்பின. சுமார் 3,800 கிலோமீட்டர் கடந்து டிசம்பர் 31இல் அவர்கள் கன்னியாகுமரி வந்து சேர்ந்தார்கள். ஆதித்யா மேத்தாவே ஒரு காலை இழந்த சைக்கிள் வீரர். திரண்ட பணம் மாற்றுத்திறனாளிகளுக்கு விளையாட்டுப் பயிற்சி தருவதற்கானது.

இந்த அவையில் யாருக்கேனும் அப்படி ஒரு பயணம் போகும் எண்ணம் இருந்தால், சைக்கிள் வாங்குவதற்கு முன்பாக ஒரு தாளை எடுங்கள். எந்த அமைப்புக்கு, எந்த வேலைக்கு, எவ்வளவு என்று எழுதுங்கள். உங்கள் சொந்தச் செலவை அதற்கு எதிர்ப்பக்கத்தில் தனியே எழுதுங்கள். அந்தத் தாளைக் கொடையாளர் ஒவ்வொருவருக்கும் காட்டுங்கள். திரும்பி வந்த ஒரு மாதத்துக்குள், அமைப்பு தந்த ரசீதோடு அதே தாளை மறுபடி அவர்களுக்கு அனுப்புங்கள். வழித்தடம், கியர், டயர், சாப்பாடு பற்றிக் கேட்க விரும்புகிறவர்கள் இப்போது கேட்கலாம், நேரம் இருக்கிறது.